தொட்டிக்கரி சுடும் முறையை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேங்காய்த் தொட்டியிலிருந்து (சிரட்டை, கொட்டாங்குச்சி என்றும் சொல்வார்கள்) ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது அழுக்கை ஈர்த்துப் பிடிக்கும் நுண்துளைக் கரி, தயாரித்து ஏற்றுமதி செய்யும் தொழிலைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரத்தை வெட்டாமல், நிலக்கரியைத் தோண்டாமல், வருஷா வருஷம் காய்க்கும் தென்னையின் கழிவைக் கொண்டே தண்ணீரையும் காற்றையும் சுத்தம் செய்யும் பொருளை உலகத்துக்குக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அத்தனையும் சரி. ஆனால் தொட்டிக்கும் கார்பனுக்கும் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது. தொட்டியைக் கரியாகச் சுடும் கட்டம். உங்கள் கட்டுரை அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் கெட்டது அந்தக் கட்டத்தில்தான். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் காங்கேயம் வட்டத்தைச் சேர்ந்தவள். வேதியியல் படித்துவிட்டு, ஒரு கார்பன் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். தோட்டத்தில் தென்னை, அதைத் தாண்டிக் கொஞ்சம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். எங்கள் காய் போகும் கொப்பரைக் களத்திலிருந்துதான் தொட்டியும் போகிறது. ஆகவே இந்தத் தொழில் ஒழிய வேண்டும் என்று நினைப்பவள் அல்ல. இதனால் சோறு சாப்பிட்டவள். இது நன்றாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள்.

கார்பன் எவ்வளவு அருமையான பொருள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டியைக் காற்றுப் படாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்தால் கரி கிடைக்கும். அந்தக் கரியை ஆலையில் உடைத்து, சலித்து, சுழலும் உலையில் போட்டு, 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை உள்ளுக்குள் அரிக்கும். அரித்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். கரி போகப் போக எடை குறையும், உள்ளே பரப்பு கூடும். நல்ல தொட்டிக் கார்பன் ஒரு கிராமை எடுத்துக்கொண்டால், அதன் துளைச் சுவர்களின் மொத்தப் பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு வரும். எங்கள் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்! எத்தனை வருஷம் அதோடு பழகினாலும் இந்தக் கணக்கைச் சொல்லும்போது எனக்கு வியப்பு அடங்கியதில்லை.

ஆய்வகத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்பனைப் பொடித்து, எடை போட்டு, குடுவையில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுவோம். பிறகு அயோடின் கரைசலை ஊற்றி அரை நிமிஷம் நன்றாகக் குலுக்கி வடிகட்டுவோம். ஊற்றும்போது அடர் பழுப்பாக இருந்தது, வடியும்போது வெளிறி வரும். மீதி அயோடின் எவ்வளவு என்று தயோசல்ஃபேட் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்போம். வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம் வரும். அந்த நீலம் எந்தச் சொட்டில் மறைகிறதோ அதுதான் கணக்கு. ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடித்துக்கொண்டது என்பதே அயோடின் எண். ஆயிரத்தை ஒட்டி வந்தால் நல்ல சரக்கு. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்தப் பழுப்பு மறைவதைப் பார்த்து அவர்கள் முகம் மலர்வதைக் கவனித்திருக்கிறேன்.

இந்தப் பொருளின் வரலாறும் சாதாரணமானதல்ல. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டது. அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் கொட்டைப் பருப்புகளின் ஓடுகளையும் சேகரித்துக் கொடுக்கும்படி பொதுமக்களையே கேட்டுக்கொண்டார்கள். தேங்காய்த் தொட்டிக்கு அப்போதே தனி மதிப்பு. தொட்டி கெட்டியானது, அதிலிருந்து வரும் கார்பன் லேசில் நொறுங்காது, சாம்பல் குறைவு, துளைகள் மிக மிகச் சிறியவை. இன்றும் தங்கச் சுரங்கங்களில் சயனைடுக் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடித்து எடுப்பது பெரும்பாலும் தொட்டிக் கார்பன்தான். வீட்டில் நாம் மாட்டியிருக்கும் குடிநீர் வடிகட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. குளோரின், துர்நாற்றம், பூச்சிமருந்தின் எச்சம் இவற்றை அது பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. கடைக்காரர் என்ன சொன்னாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர்க்காரர்கள் கார்பன் வடிகட்டியை மட்டும் வாங்கி ஏமாந்து போகிறார்கள்.

சரி, கரி சுடும் இடத்துக்கு வருகிறேன்.

காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் வட்டாரங்களில் கொப்பரைக் களங்கள் அதிகம். தேங்காயை உடைத்துக் காயவைத்துப் பருப்பை எடுத்துவிட்டால் தொட்டி மலையாகக் குவியும். அதை வாங்கிச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் சிறு ஆட்கள். குத்தகைக்குக் கொஞ்சம் நிலம், ஆள் உயரத்துக்கும் ஆழமாக ஒரு குழி, தகரம், மண், மோட்டார். அடியில் தீ மூட்டிவிட்டுத் தொட்டியைக் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டே வருவார்கள். குழி நிறைந்ததும் தகரத்தைப் போட்டு மண்ணைக் குவித்து மூடுவார்கள். தீ மூட்டிய முதல் நாள் வரும் புகை வெள்ளையாக, கனமாக, தரையோடு படுத்து வரும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் அது எழும்பவே எழும்பாது. பால் கறக்க எழுந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் கட்டுத்தரைக்குப் போக வேண்டும்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்பது ரகசியமில்லை. பத்து டன் தொட்டியைச் சுட்டால் சுமார் மூன்று டன் கரி கிடைக்கும். மீதி ஏழு டன் எங்கே போகிறது? நீராவியாக, கார்பன் மோனாக்சைடாக, மீத்தேனாக, அசிட்டிக் அமிலமாக, மெத்தனாலாக, பீனால் என்ற நச்சுப் பொருளாக, தாராக வெளியே போகிறது. பிறகு அந்த மூன்று டன் கரியிலிருந்து ஆலையில் ஒரு டன் கார்பன் வரும். ஒரு டன் கார்பனுக்கு ஏழு டன் ஆவியும் புகையும் எங்கள் வானத்தில் கலக்கிறது என்பதே இதன் பொருள். அதில் மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவானது. தென்னை மறுபடி காய்க்கும் என்பதால் மட்டும் இந்தப் பொருளைப் பசுமை என்று சொல்லிவிட முடியாது. சுடுகிற விதத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

புகையாவது காற்றடித்தால் கலையும். தண்ணீர் விஷயம் அப்படி இல்லை. மூடிய குழியைத் தானாக ஆறவிட்டால் கரி சில நாளில் அணைந்துவிடும். அவ்வளவு நாள் காத்திருக்கக் குத்தகைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த லோடு தொட்டி வாசலில் வந்து நிற்கும். அதனால் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை அடித்து அணைக்கிறார்கள். கரியில் ஈரம் ஏறினால் எடையும் ஏறும் என்பது இன்னொரு காரணம். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அடித்த தண்ணீர் தாரையும் பீனாலையும் இழுத்துக்கொண்டு அதே குழியின் அடியில் இறங்குகிறது. எங்கள் பூமி கெட்டிப் பாறையும் அதில் வெடிப்பும் கொண்டது. மேலே ஊற்றியது எந்தக் கிணற்றில் போய் ஊறும் என்று சொல்ல முடியாது.

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே அப்படி ஒரு கரி சுடும் களம் நடந்தது. இரண்டாவது கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறிவிட்டது. வாளியில் மொண்டு வைத்தால் அடியில் ஒன்றும் படியாது. துணியில் வடித்தாலும் நிறம் போகாது. கையில் அள்ளி முகர்ந்தால் கருகின வாசம். மாடுகள் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டன. என் வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். பீனால் இருக்கும் தண்ணீரில் குளோரின் சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும். நாற்றமும் சுவையும் முன்பைவிட மோசமாகும். இந்தியக் குடிநீர்த் தரம் பீனால் வகைப் பொருள்களுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். வேறு நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில்கூட 0.002-க்கு மேல் கூடாது. அவ்வளவு சிறிய அளவே கூடாது என்கிற பொருள், கண்ணுக்குத் தெரிகிற நிறத்தோடு கிணற்றில் நின்றது. ஊராட்சியின் சிமென்ட் தொட்டித் தண்ணீர் வருவதற்குள் பக்கத்துக் காலனிப் பெண்கள் அதே கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள்.

தண்ணீரிலிருந்து பீனாலை எடுக்க இன்று உலகம் நம்பியிருக்கும் பொருள்களில் முதன்மையானது ஆக்டிவேட்டட் கார்பன். எங்கள் தொட்டியிலிருந்து வந்த கார்பன் கடல் தாண்டி யாரோ ஒரு ஊரின் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. அதற்காக எனக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் கிணற்றைக் கெடுத்துவிட்டுத்தான் அது கப்பல் ஏற வேண்டுமா?

களத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஆறின கரியை அள்ளி, சல்லடையில் போட்டு, கல்லையும் பாதி வெந்த தொட்டியையும் பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். நான் ஒருமுறை அங்கே போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியம்மா சொன்னார்: "கண்ணு எரிச்சலெல்லாம் பழகிப்போச்சுங்க அம்மிணி. ராத்திரி இருமல் வந்தாத்தான் தூங்க முடியறதில்லை." பூந்துவாலையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அதைத் தவிர வேறு காப்பு எதுவும் இல்லை.

ஊர்க்காரர்கள் போராடினால் களத்தை மூடுவார்கள். எங்கள் பக்கத்துக் களமும் அப்படித்தான் மூடப்பட்டது. மூடியதோடு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அதே தகரம், அதே மோட்டார், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரின் குத்தகை நிலத்துக்குப் போய்விடும். ஆலைக்குக் கரி வேண்டும், கொப்பரைக் களத்தில் தொட்டி குவிகிறது. நடுவில் யாராவது சுட்டுத்தானே ஆக வேண்டும்? ஆகவே துரத்துவது தீர்வாகாது. சுடுகிற முறையை மாற்றுவதுதான் தீர்வு என்பது என் உறுதியான கருத்து.

முறை இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூடிய இரும்பு உலையில் தொட்டியை வேகவைத்து, கிளம்பும் வாயுவை வெளியே விடாமல் குழாய் வழியாக எரிப்பானுக்குக் கொண்டுபோக வேண்டும். தாரும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் அங்கே முழுசாக எரிந்து கரியமில வாயுவும் நீராவியுமாக மாறும். ஆரம்பத்தில் சூடேற்றக் கொஞ்சம் விறகோ தொட்டியோ போதும். பிறகு அதன் வாயுவே அதற்கு எரிபொருள். கரியை மூடிய பெட்டிக்குள் ஆறவிடலாம், தண்ணீர் அடிக்கவே தேவையில்லை. இப்படிச் சுட்டால் கரியின் தரமும் ஒரே சீராக வரும். இலங்கையின் படல்கமவில் இந்த வாயுவை எரித்து மின்சாரமே எடுத்தார்கள், ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்திலும் அது பதிவானது. நம்மைப் போலவே தென்னையை நம்பி வாழும் சின்ன நாடு. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

காங்கேயத்துக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இதை யாரும் பேசக் கேட்டதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். இங்கே கொப்பரை காய்வது வெயிலை நம்பி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் களத்தில் பருப்புப் பூசணம் பிடிக்கும். அதைத் தவிர்க்கக் கந்தகப் புகை போடுகிற பழக்கம் வந்துவிட்டது. கந்தகம் ஏறிய கொப்பரைக்கு நல்ல எண்ணெய் ஆலைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். கரி உலையில் வீணாகப் போகும் சூட்டை ஒரு உலர்த்தி அறைக்குத் திருப்பிவிட்டால் மழைக்காலத்திலும் கொப்பரை காயும், கந்தகமும் வேண்டாம். புகை பருப்பில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சூடான காற்றை மட்டும் தகடு வழியாக உள்ளே அனுப்பலாம். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தொட்டியையே எரிபொருளாகக் கொண்டு கொப்பரை உலர்த்தியை ஏற்கெனவே வடிவமைத்திருக்கிறது. உலையையும் உலர்த்தியையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் கொப்பரைக் களத்துக்காரருக்கும் கரிக்காரருக்கும் சேர்த்தே பயன்.

ஆனால் ஒரு சிறு குத்தகைக்காரரால் அப்படி ஓர் உலையை வாங்க முடியாது. அவரிடம் போய்ச் சட்டம் பேசுவதில் நியாயமும் இல்லை. ஆகவே பொது உலை வேண்டும். நான்கைந்து ஊர்களுக்கு ஒன்று வைத்து, சுடுகிறவர்கள் கூட்டாகச் சேர்ந்து தங்கள் தொட்டியைக் கொண்டுவந்து முறை வைத்துச் சுட்டுக்கொள்ளலாம். சாயத் தொழிலுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்த மாவட்டம் இது. கூட்டாகச் செய்வது நமக்குப் புதிதல்ல. மாவட்டத் தொழில் மையமும் தென்னை வளர்ச்சி வாரியமும் சேர்ந்து முன்வந்தால் நடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழி முறைக்கு ஒரு முடிவுத் தேதியை அறிவித்து, அதற்குள் பொது உலையும் வந்துவிடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் வந்து இன்னொன்று வராவிட்டால் பழைய கதையாகத்தான் முடியும்.

கரியை வாங்குகிற ஆலைகளுக்கும் பங்கு இருக்கிறது. கரி லாரி வந்ததும் மாதிரி எடுத்து ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, ஆவியாகிற பொருள் எவ்வளவு, மண் கல் எவ்வளவு என்று பார்ப்போம். ஈரம் கூடினால் விலையில் பிடிப்பு. எந்தக் களத்தில், எப்படிச் சுட்டது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கக் காசு செலவாகாது. மூடிய உலைக் கரிக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் மாற்றம் தானாக வேகம் பிடிக்கும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அயோடின் எண்ணுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். சுட்ட முறைக்கும் ஒரு சான்றிதழ் கேட்டால் ஆலைகள் இன்னும் சீக்கிரம் திரும்பிப் பார்க்கும்.

கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, கோபத்தோடு அல்ல, அக்கறையோடு. பட்ட மேற்படிப்புத் திட்ட வேலைக்கு யோசனை கேட்டு மாணவ மாணவிகள் என்னிடம் வருவதுண்டு. புளியங்கொட்டை, கடலைத் தோல், நெல் உமி, பனங்கொட்டை, கரும்புச் சக்கை, பருத்திமாறு என்று எதை வேண்டுமானாலும் கார்பனாக்கிவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலம் என்ற ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து, அது எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகின்றன. திருப்பூர்ச் சாயக் கழிவு அப்படி இருக்காது. அதில் உப்பு இருக்கும், காரம் இருக்கும், பல சாயங்கள் கலந்து இருக்கும், அந்தச் சாய மூலக்கூறுகளும் பெரிதாக இருக்கும். தொட்டிக் கார்பனின் துளைகளில் பெரும்பாலானவை இரண்டு நானோமீட்டருக்கும் சிறியவை. பெரிய சாய மூலக்கூறு உள்ளே நுழையவே திணறும். அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து மரத்திலிருந்து செய்கிற அகலத் துளைக் கார்பன் பொருத்தமாக இருக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலம் மூட்டம் போட்டுக் கரியாக எரிகிறதே, அதை இந்த வழியில் ஆராயலாம். உமியில் சாம்பல் அதிகம், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. அதற்கென்று வேறு வழி வேண்டும். எந்தத் துளை எந்த வேலைக்கு என்று பார்த்துச் செய்தால்தான் ஆய்வு களத்துக்கு வரும்.

அமிலமோ துத்தநாக குளோரைடோ சேர்த்துச் செய்கிற முறைகளில் கார்பனைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருக்கும். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். வழிகாட்டும் ஆசிரியர்கள் தயவுசெய்து அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.

நொய்யலை நினைத்துக்கொண்டே இதையெல்லாம் எழுதுகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியதையும், கீழே இருந்த விவசாயிகள் அதன் மதகைத் திறக்கவே பயந்ததையும் என் தலைமுறை பார்த்திருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் வேகமாக மாறியது. அந்த முறையில் கழிவுநீரை வடிகட்டும் சவ்வு வடிகட்டிகளுக்கு முன்னால் கார்பன் வைத்தால் சவ்வு நீடித்து உழைக்கும். அங்கே வேலை முடிந்த கார்பன் சாயத்தோடு சேர்ந்து ஆபத்தான கழிவாகிறது. அதை நீராவியில் மறுபடி சுட்டுப் புதுப்பிக்க முடியும்; ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து சதவீதம் போல எடை குறையும், மீதி திரும்பவும் வேலை செய்யும். புதுப்பிக்கும் உலை ஒன்று மாவட்டத்திலேயே இருந்தால் அத்தனை தொட்டியைப் புதிதாகச் சுட வேண்டியிராது. ஒரு டன் கார்பனுக்குப் பத்து டன் தொட்டி என்ற கணக்கை மறக்காமல் இருந்தால் இதன் அருமை புரியும்.

எல்லாம் ஒரே நாளில் நடக்காது என்பது எனக்குத் தெரியும். உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். கரி சுடும் களங்கள் இருக்கிற, முன்பு இருந்து மூடப்பட்ட ஊர்களில் எல்லாக் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைக் குழாய்களிலிருந்தும் தண்ணீர் மாதிரி எடுத்து, பீனால் அளவை மட்டுமாவது பார்க்க வேண்டும். களம் மூடிவிட்டதால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்; எங்கள் கிணறு இன்னும் தெளியவில்லை. மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் குளிர வைத்து அதே நாளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து மூன்று நாள் வெயிலில் வைத்தால் எண் குறைந்துதான் காட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கிணற்றின் அளவையும் சர்வே எண்ணோடு அங்கே வாசித்துக் காட்டும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர் ஒருவரும் அன்றைக்கு எங்கள் பக்கம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக வேதியியலாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.